பணம் கணக்கில், பிள்ளை வீட்டில்

(சூரமங்கலத்தில் மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய கருத்தரங்கில் ஆற்றிய உரை. ஒலிப்பதிவிலிருந்து எழுதப்பட்டது. பேச்சுமொழி பல இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



எனக்கு முன்னால் பேசிய மாணவத் தோழர் ஒரு யோசனை சொன்னார். நல்ல மனசோடதான் சொன்னார். ஊனமுற்ற பிள்ளைகளுக்கு அரசு ஒதுக்குகிற பணத்தைப் பள்ளிக்கூடத்துக்கும் அதிகாரிக்கும் கொடுப்பானேன்? பிள்ளை பேரில் ஒரு கணக்குத் தொடங்கி அதில் நேரடியாகப் போட்டுவிட்டால், பெற்றோரே தங்களுக்குப் பிடித்த பள்ளியில் சேர்த்துக்கொள்வார்கள். அமெரிக்காவில் 'கல்விச் சேமிப்புக் கணக்கு' என்று இதைத்தான் செய்கிறார்கள். நடுவில் திங்கிறவன் இல்லை, கெஞ்ச வேண்டியதில்லை. இப்படிச் சொன்னார். நீங்க கைதட்டினீங்க. நானும் தட்டினேன்.

தட்டிட்டு யோசிச்சேன். நான் எழுதிக்கொண்டு வந்தது வேற பேச்சு. அதை மடிச்சுப் பையில வெச்சுட்டு இதைப் பத்தியே பேசலாம்னு இருக்கேன். இந்த அமெரிக்கச் சமாச்சாரத்தை நான் போன வருஷமே தேடிப் படிச்சவன். அதுக்குக் காரணம் என் அக்கா மகன்.

நம்ம ஜங்ஷனுக்குப் பின்னால், தண்டவாளத்தை ஒட்டின தெருதான் எங்க தெரு. அக்காவுக்கு ஒப்பந்தத் துப்புரவு வேலை. விடியக்காலம் கிளம்பினா மத்தியானம் ஆகும் திரும்ப. மகனுக்குப் பதினோரு வயசு. மூளை முடக்குவாதம். நடக்க வராது, கை முழுசா விரியாது, பேச்சு குழறும். ஆனா புத்தி கூர்மை. ஜங்ஷன் ஒலிபெருக்கியில சொல்றதைக் கேட்டே அத்தனை வண்டி பேரும் மனப்பாடம். ஏற்காடு எக்ஸ்பிரஸ் தாமதம்னா எங்க தெருவுக்கு முதல்ல சொல்றவன் அவன்தான். எண் படிச்சது அப்படித்தான், நடைமேடை எண், வண்டி எண்ணுன்னு. எந்த வாத்தியாரும் சொல்லிக் கொடுத்ததில்லை.

பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ரெண்டு வருஷம் போனான். பேர் வேண்டாம். ஒரு டீச்சர் நல்லா பார்த்துக்கிட்டாங்க. அவங்க மாறிப் போனதும் பிரச்சினை ஆரம்பிச்சுது. ஒன்னுக்கு ரெண்டுக்கு யார் கூட்டிட்டுப் போறது? ஆயா இல்லை. இருந்த வேலையாள், 'அதெல்லாம் என்னால அள்ள முடியாது'ன்னு சொல்லிட்டாங்க. தோழர்களே, ஊர்ப் பீயை அள்ளுறது எங்க சனம். எங்க பிள்ளை பீயை அள்ள ஊருல ஒரு ஆள் இல்லை. அக்காவைக் கூப்பிட்டு, 'நீங்களே வந்து கூடவே உட்காருங்க'ன்னாங்க. உட்கார்ந்தா அன்னிக்குக் கூலி போச்சு.

அப்புறம் ஒருநாள் ஒரு படிவம் வந்தது. வீட்டுவழிக் கல்விக்குச் சம்மதம்னு. 'கையெழுத்துப் போடும்மா, பயிற்சி கொடுக்க ஆள் வீட்டுக்கே வருவாங்க, உதவித்தொகை நிக்காது, கணக்குக்கே வந்துரும்'னாங்க. அக்கா போட்டுட்டா. பதிவேட்டில் அவன் பேர் இன்னிக்கும் இருக்கு. அவன் திண்ணையில் இருக்கான். வாரம் ஒருதரம் வர வேண்டியவங்க மாசம் ஒருதரம் வர்றாங்க. அந்தம்மாவையும் நான் குறை சொல்ல மாட்டேன். தொகுப்பூதியம், தலையில எத்தனையோ பள்ளிக்கூடம், எத்தனையோ பிள்ளைங்க.

ஆக, நம்ம தோழர் கேட்கிற கணக்கு எங்க வீட்ல ஏற்கெனவே இருக்கு. அந்தக் கணக்கைத் தொடங்கப் போன கதை தனிக்கதை. விரல் விரியாது, ரேகை பதியாது, மிஷின் ஒத்துக்காது. மூணு நடை. அக்கா அவனை இடுப்புல தூக்கிட்டுப் போய் வரிசையில நின்னா.

அதில என்ன விழுதுன்னும் பார்த்துடுவோம். தமிழ்நாடு அரசு மாற்றுத்திறனாளி மாணவர்களுக்குக் கொடுக்கும் உதவித்தொகையை இரட்டிப்பாக்கியபிறகு, ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 2,000 ரூபாய். ஆறு முதல் எட்டு வரை 6,000. ஒன்பது முதல் பன்னிரண்டு வரை 8,000. ஒன்றிய அரசும் மாநில அரசும் சேர்ந்து நடத்தும் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 3,500 ரூபாய் என்று கணக்கு. பெண் பிள்ளையானால் மாதம் 200 ரூபாய், அதுவும் பத்து மாதத்துக்கு. சரி, இவன் பட்டியல் சாதிப் பிள்ளையாயிற்றே, அந்த வழியில் ஏதும் உண்டா? உண்டு. 2021இல் திருத்திய விதிப்படி, பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்கும் பட்டியல் சாதி மாணவர் ஊனமுற்றவராக இருந்தால் படிப்புப் படியில் 10 சதவீதம் கூடுதல். கேட்க நல்லா இருக்கு. பதினொன்றாம் வகுப்பில் வீட்டிலிருந்து போய் வரும் பிள்ளைக்கு அந்தப் படி ஆண்டுக்கு 2,500 ரூபாய். பத்து சதவீதம் 250. மாசத்துக்கு இருபத்தோரு ரூபாய்கூட வரலை. சேரியில் பிறந்ததும் ஊனமாகப் பிறந்ததும் ஒரே உடம்பில் சேர்ந்தால் அரசாங்கம் அதற்குப் போட்டிருக்கும் விலை இது.

(பெயர் வைக்கிறதில் மட்டும் நம்ம ஆட்களை மிஞ்ச முடியாது. பஞ்சமன் ஆதிதிராவிடன் ஆனான், ஹரிஜன் ஆனான். ஊனமுற்றோர் மாற்றுத்திறனாளி ஆனார்கள். தோட்டி தூய்மைப் பணியாளர் ஆனார். எங்க அக்கா வீட்ல இந்த மூணு பேரும் குடியிருக்கு. கக்கூஸ் மட்டும் இல்லை.)

அக்கா அந்தப் பணத்தை என்ன செஞ்சா? போன மழைக்கு ஓட்டு மேல தார்ப்பாய் வாங்கிப் போட்டா. நான் கேட்கலை. கேட்க எனக்கு வாய் இல்லை.

சரி, பணம் குறைவு, அதைப் பத்து மடங்கு ஆக்கிட்டா கணக்குத் திட்டம் சரியாயிடுமான்னு தோழர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதுக்குத்தான் அமெரிக்காவைப் பார்க்கணும். அங்கே தொகை பெரிது.

2011இல் அரிசோனா மாநிலம்தான் இதை முதலில் கொண்டுவந்தது. யாருக்காக? ஊனமுற்ற பிள்ளைகளுக்காக. அரசுப் பள்ளியில் அந்தப் பிள்ளைக்கு மாநிலம் செலவு செய்திருக்கும் தொகையில் பெரும்பகுதியைப் பெற்றோர் கையாளும் கணக்கில் போடுவது. தனியார் பள்ளிக் கட்டணம், வீட்டில் வைத்துச் சொல்லிக் கொடுக்கும் ஆசிரியர், பேச்சுப் பயிற்சி, கருவிகள் எல்லாவற்றுக்கும் செலவழிக்கலாம். உண்மையைச் சொல்லணும்னா, சில குடும்பங்களுக்கு இது பெரிய உதவியா இருந்திருக்கு. அதை நான் மறுக்கலை.

ஆனால் அந்தக் கணக்கு தொடங்கும்போது பெற்றோர் ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும். பிள்ளையை அரசுப் பள்ளியில் சேர்க்க மாட்டோம் என்று. இதில் என்ன இருக்கிறது என்கிறீர்களா? அமெரிக்காவில் 1975இல் ஒரு சட்டம் வந்தது. ஒவ்வொரு ஊனமுற்ற பிள்ளைக்கும் ஏற்ற கல்வியை அரசுப் பள்ளி செலவில்லாமல் கொடுத்தே ஆக வேண்டும், கொடுக்காவிட்டால் பெற்றோர் வழக்குப் போடலாம் என்பது அதன் சாரம். பிள்ளையைப் பெற்றோர் தாங்களாகத் தனியார் பள்ளியில் சேர்த்துவிட்டால் அந்தத் தனிப்பட்ட உரிமை அந்தப் பிள்ளைக்குக் கிடையாது. தனியார் பள்ளிக்கு அந்தப் பிள்ளையைச் சேர்த்துத்தான் ஆகணும்னு கட்டாயமும் இல்லை. நாளைக்கு அவன் வெளியே அனுப்பினால் அந்தச் சட்டத்தைக் காட்டிக் கேள்வி கேட்க முடியாது. பணம் வந்தது, உரிமை போனது. நடுவில் ஒரு கையெழுத்து.

எங்க அக்கா போட்ட கையெழுத்து எனக்கு அப்பத்தான் புரிஞ்சுது.

அடுத்து நடந்ததையும் கேளுங்க. ஊனமுற்ற பிள்ளையை முன்னால் நிறுத்தித் திறந்த வாசல் அது. கொஞ்சம் கொஞ்சமாக வேறு வகைப் பிள்ளைகளையும் சேர்த்து, 2022இல் அரிசோனாவில் எல்லாப் பிள்ளைகளுக்கும், கோடீஸ்வரன் வீட்டுப் பிள்ளைக்கும், திறந்துவிட்டார்கள். அப்போது முதலில் வந்து குவிந்த விண்ணப்பங்களில் முக்கால்வாசி அரசுப் பள்ளிப் பக்கமே போகாத பிள்ளைகளுடையவை. அந்த மாநிலக் கல்வித் துறையே சொன்ன கணக்கு இது. ஏற்கெனவே தனியார் பள்ளியில் காசு கட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு அரசு காசு. ஃபுளோரிடாவிலும் இதே கதைதான். 2014இல் ஊனமுற்ற பிள்ளைகளுக்கென்று தொடங்கி 2023இல் எல்லோருக்கும் என்று முடிந்தது.

இந்த 'பள்ளிக்குப் பணம் கொடுக்காதே, பெற்றோர் கையில் கொடு' என்கிற யோசனைக்கு இன்னொரு பழைய வரலாறு இருக்கிறது. அதை நம்ம மாதிரி ஆளுங்க தெரிஞ்சுக்காம இருக்கக் கூடாது. வர்ஜீனியா மாநிலத்தில் பிரின்ஸ் எட்வர்ட் என்று ஒரு மாவட்டம். அங்கே கறுப்பினப் பிள்ளைகளின் பள்ளிக்கூடம் இடமில்லாமல் தார்த்தாள் போர்த்திய கொட்டகைகளில் நடந்தது. 1951இல் பார்பரா ஜான்ஸ் என்ற பதினாறு வயசுப் பெண் பள்ளியையே திரட்டி வேலைநிறுத்தம் செய்தாள். இங்கே உட்கார்ந்திருக்கிற மாணவிகள் இந்தப் பேரை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் போராட்டம் வழக்காகி, பிரவுன் வழக்கோடு சேர்ந்து, 1954இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் நிறப்படி பள்ளி பிரிக்கிறது செல்லாது என்றது. வெள்ளையர் என்ன செய்தார்கள்? 1959இல் அந்த மாவட்டத்தின் அரசுப் பள்ளிகள் அத்தனையையும் இழுத்து மூடினார்கள். வெள்ளைப் பிள்ளைகளுக்கு மட்டும் ஒரு தனியார் பள்ளி தொடங்கி, அதற்குக் கட்டணம் கட்ட அரசிடமிருந்தே பெற்றோருக்கு மானியம் வாங்கினார்கள். கறுப்புப் பிள்ளைகளுக்கு ஐந்து வருஷம் அரசுப் பள்ளிக்கூடமே இல்லை. 1964இல் மறுபடியும் உச்ச நீதிமன்றம் தலையிட்டுத்தான் பள்ளிகள் திறந்தன.

ஊருக்குள்ள சேரிப் பிள்ளை கூட உட்காரக் கூடாதுன்னு தன் பிள்ளையை வேன் ஏத்தி அனுப்புறவனை நம்ம எல்லாருக்கும் தெரியும். வர்ஜீனியாக்காரன் அந்த வேன் கட்டணத்தை அரசாங்கத்துகிட்டயே வாங்கிட்டான். அவ்வளவுதான் வித்தியாசம்.

இதைச் சொன்னதுக்காக, உதவித்தொகையே வேண்டாம்னு சொல்றேன்னு யாரும் எடுத்துக்க வேண்டாம். பரோடா மன்னரின் உதவித்தொகை இல்லையென்றால் 1913இல் பாபாசாகேப் கொலம்பியா போயிருக்க முடியாது. பட்டியல் சாதி மாணவர்களுக்கான பள்ளிக்கு மேற்பட்ட கல்வி உதவித்தொகையே 1944இல், அவர் வைசிராயின் நிர்வாக சபையில் உறுப்பினராக இருந்தபோது தொடங்கியதுதான். இங்கே இருக்கிற நம்மில் பாதிப் பேர் அந்தக் காசில் படித்தவர்கள். நானும்தான். ஆனால் அதே பாபாசாகேப் படித்துப் பட்டத்தோடு 1917இல் பரோடாவுக்குத் திரும்பியபோது, பையில் பணம் இருந்தும் தங்க ஒரு இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதியிலிருந்து தடிக்கம்போடு வந்து விரட்டினார்கள். சின்ன வயதில் பள்ளியில் அவர் வீட்டிலிருந்து எடுத்துப்போன சாக்கில் தனியாக உட்கார்ந்தார். பியூன் வந்து ஊற்றினால்தான் தண்ணீர். அந்தப் பிள்ளை பேரில் ஒரு கணக்குத் தொடங்கிப் பணம் போட்டிருந்தால் சாக்கு மாறியிருக்குமா, தண்ணி கிடைச்சிருக்குமா?

இப்ப நம்ம ஊருக்கு வருவோம். கணக்கில் நிறையப் பணம் விழுதுன்னே வெச்சுக்குங்க. அக்கா அவனைத் தூக்கிட்டு எங்கே போவா? இங்கிருந்து நாமக்கல், ராசிபுரம் பக்கம் போனால் வரிசையாகப் பள்ளிக்கூடங்கள். கோழிப் பண்ணைக்குப் பேர்போன ஊரில் அவற்றுக்கு ஜனங்களே 'பிராய்லர் பள்ளி' என்று பேர் வைத்தார்கள். பத்தாம் வகுப்பில் மதிப்பெண் பொறுக்கி எடுத்து, பன்னிரண்டாம் வகுப்பில் மதிப்பெண் காட்டுகிற வியாபாரம். நல்லா வர்ற குஞ்சைத்தான் கூண்டில் விடுவான். எங்க பையன் அவன் சராசரியைக் கெடுக்கிற பையன். நாங்க ஒரு தனியார் பள்ளிக்குப் போனோம், பேர் இங்கேயும் வேண்டாம். முறையாச் சொன்னாங்க: 'இங்க எல்லா வகுப்பும் மாடியில. மத்த பேரன்ட்ஸ் சங்கடப்படுவாங்க.' தேர்வு செய்யும் சுதந்திரம்னு பேசறோமே, அங்கே தேர்வு செய்தது யார்? அக்காவா, பள்ளிக்கூடமா?

தனியார் பள்ளிக்கு அரசு பணம் கட்டுவது இங்கேயும் உண்டு. கல்வி உரிமைச் சட்டம் 2009இன்படி, தனியார் பள்ளிகளின் தொடக்க வகுப்பில் 25 சதவீத இடம் நலிந்த பிரிவுப் பிள்ளைகளுக்கு. கட்டணத்தை அரசு ஈடுகட்டும். 2012இல் சட்டத்தைத் திருத்தி ஊனமுற்ற பிள்ளைகளையும் அந்தப் பட்டியலில் சேர்த்தார்கள். அதே திருத்தத்தில்தான், கடுமையான ஊனமுள்ள பிள்ளை வீட்டிலிருந்தே கல்வி பெறலாம் என்கிற வழியும் நுழைந்தது. உரிமை என்று எழுதினார்கள். எங்க தெருவுல அது வெளியே அனுப்பும் சீட்டா வந்து சேர்ந்தது.

பணம் கொடுப்பவன் கையை மூடினால் என்ன ஆகும் என்பதையும் பார்த்தோம். பி.எம். ஸ்ரீ ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்துப் போடவில்லை என்பதற்காக 2024-25ஆம் ஆண்டில் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்தி வைத்தது. சிறப்புப் பயிற்றுநருக்குச் சம்பளம் வருகிற திட்டமும் அதுதான். 25 சதவீத இடங்களுக்கான சேர்க்கை 2025இல் நீதிமன்றம் வரை போய், பள்ளி திறந்து மாதக்கணக்கில் கழித்து அக்டோபரில்தான் தொடங்கியது. அதுவரை அந்தப் பிள்ளைகள் எங்கே இருந்தார்கள்? பணம் நிற்கிறபோது கட்டடம் நிற்கும், நியமனமான ஆசிரியர் நிற்பார், கணக்கு காலியாகும்.

நம்ம தோழர் என்மேல் கோபப்படக் கூடாது. அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருக்கு, அதை விட்டுட்டுப் போக முடியாது. அரசுப் பள்ளியை நாம கோயில் மாதிரி கும்பிட வேண்டியதில்லை. எங்க பையனை வெளியே அனுப்பினதே அரசுப் பணத்தில் நடக்கிற பள்ளிக்கூடம்தானே. பொறுத்துப் பொறுத்துப் பார்த்த தாய், 'உங்க பள்ளிக்கூடமும் வேண்டாம், பணத்தைக் கொடு, நான் பார்த்துக்கறேன்'னு சொன்னா, அவளுக்கு வகுப்பெடுக்க நமக்கு யோக்கியதை இல்லை. அக்காவே என்கிட்ட சொன்னா: 'ஏன்டா தம்பி, மாசம் பத்தாயிரம் கொடுத்தா நான் வேலையை விட்டுட்டு இவனை வெச்சுக்குவேன்ல?' நான் கேட்டேன், 'நீ வெச்சுக்குவே அக்கா, சரி. அவன் யார்கூட விளையாடுவான்?' அவ ஒண்ணும் பேசலை. அரிசி களைய உள்ளே போயிட்டா.

அதனால் நான் கேட்பது இதுதான். பணம் கொடு. உரிமையை வாங்கிக்கொண்டு கொடுக்காதே. தாய்க்குப் போகிற கூலிக்கு ஈடு கொடு, வண்டிக்குக் கொடு, சக்கர நாற்காலிக்குக் கொடு. அதோடு பள்ளிக்கூடத்தில் ஆளைப் போடு. சட்டம் நம் பக்கம் இருக்கிறது. ஊனமுற்றோர் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 31: நாற்பது சதவீதத்துக்குக் குறையாத ஊனமுள்ள பிள்ளைக்கு ஆறு வயது முதல் பதினெட்டு வயது வரை இலவசக் கல்வி, பக்கத்துப் பள்ளியிலோ விரும்பிய சிறப்புப் பள்ளியிலோ. தேர்வு செய்யும் உரிமை அங்கேயே எழுதியிருக்கு, ஒப்பந்தம் எதுவும் போடாமல். சிறப்பு ஆசிரியர் எத்தனை பேர் வேண்டும் என்று 2021இல் உச்ச நீதிமன்றம் ரஜனீஷ் குமார் பாண்டே வழக்கில் சொல்லிவிட்டது. தொடக்க வகுப்பில் இப்படிப்பட்ட பிள்ளைகள் பத்துப் பேருக்கு ஒருவர், அதற்கு மேல் பதினைந்து பேருக்கு ஒருவர். 2025 மார்ச்சில், பணியிடங்களை அறிவித்து நிரப்புங்கள் என்று மாநிலங்களுக்கு மறுபடியும் உத்தரவு போட்டது. தொகுப்பூதியத்தில் ஒரு ஆளை நாலு பள்ளிக்கு ஓட விடறது அந்தக் கணக்கில் வராது. பி.எட். சிறப்புக் கல்வி படித்துவிட்டு வேலையில்லாமல் இருக்கிற நம் பிள்ளைகள் இந்தக் கூட்டத்திலேயே இருப்பீர்கள். இது உங்க வேலைக்கான கோரிக்கையும்தான்.

ஆயா வேலையைப் பத்தியும் ஒரு வார்த்தை. ஆயா போடுன்னு கேட்டா, உடனே நம்ம சேரிப் பெண்ணையே கொண்டுவந்து அந்த வேலையில் உட்கார வைப்பான். பிள்ளையைக் கழுவிவிடுறது கேவலமான வேலை இல்லை. ஒரு சாதிக்கு மட்டும்னு ஒதுக்கினாத்தான் கேவலம். கால முறை ஊதியம், பயிற்சி, எல்லாச் சாதியிலிருந்தும் ஆள். இதையும் சேர்த்துக் கேட்கணும்.

கடைசியா நம்ம மேலயும் ஒரு குறை இருக்கு. இந்த மண்டபம் மாடியில இருக்கு. இருபத்திரண்டு படி, வரும்போது எண்ணினேன். இன்னிக்கு அவனைக் கூட்டிட்டு வரணும்னுதான் கிளம்பினேன். கீழே வந்து படியைப் பார்த்துட்டு டீக்கடைக்காரர் பெஞ்சில உட்கார வெச்சுட்டு வந்திருக்கேன். முப்பது வருஷமா விடுதலை பேசற இயக்கம், ஒரு தடவைகூட 'கூட்டம் கீழ்த்தளத்தில் இருக்கா'ன்னு கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. என் அக்காவுக்கு இப்படி ஒரு பிள்ளை பிறக்கலைன்னா இன்னிக்கும் கேட்டிருக்க மாட்டேன்.

அக்கா கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறுகிறதாக ஒரு மனு எழுதியிருக்கேன். பிரிவு எண்ணெல்லாம் போட்டு ஒரு பக்கம்தான். பையனை ஆறாம் வகுப்பில் உட்கார வைக்கணும், ஆயா வேணும், கீழ்த்தளத்தில் வகுப்பு வேணும். திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பள்ளிக்கூடத்து வாசலுக்குப் போறோம். அக்கா அன்னிக்கு லீவு சொல்லியிருக்கா. நாலு பேர் போனா 'பார்க்கலாம்'பாங்க. நாற்பது பேர் போனா உட்கார வெச்சுப் பேசுவாங்க. இதே மாதிரி கையெழுத்துப் போட்ட வீடுகள் எங்க தெருவில் இன்னும் ரெண்டு இருக்கு, உங்க தெருவிலும் இருக்கும், விசாரிச்சு அந்தத் தாய்மார்களையும் கூட்டிட்டு வாங்க. வர்றவங்க இந்த நோட்டில் பேரும் தெருவும் எழுதிக் கொடுங்க. நான் கீழே போறேன், பையன் தனியா உட்கார்ந்திருக்கான்.